சனகெரிப் சொல்லாமல் விட்டது

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஓர் அறையின் சுவர்கள் முழுக்க ஒரே போரின் காட்சிகள். மண்ணும் கல்லும் கொட்டிச் சரிவுப்பாதை போட்டு மதிலை நெருங்குகிறது அசீரியப் படை. மேலிருந்து தீப்பந்தங்கள் வந்து விழுகின்றன. மதிலிடிக்கும் பொறி பற்றிக்கொள்ளாமல் இருக்க, ஒரு சிப்பாய் நீண்ட அகப்பையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். இன்னொரு பக்கம், மூட்டைமுடிச்சோடு மாட்டுவண்டியேறி நாடு கடத்தப்படும் பெண்களும் பிள்ளைகளும். இதையெல்லாம் சிம்மாசனத்திலிருந்து பார்க்கிறான் அசீரிய அரசன் சனகெரிப். அவனுக்கு எதிரே பொறித்த ஆப்பெழுத்து, விழுந்த யூதா நாட்டு ஊரின் பெயரைச் சொல்கிறது: லாகீஸ்.

அகழாய்வாளர் ஆஸ்டன் ஹென்றி லேயார்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சனகெரிப்பின் நினிவே அரண்மனையிலிருந்து தோண்டியெடுத்த சிற்பங்கள் இவை. பைபிள் சொல்வது வரலாறா, புனைவா என்ற விவாதம் ஐரோப்பாவில் சூடுபிடித்திருந்த காலம் அது. லாகீஸ் முற்றுகை அதுவரை வேதாகமம் வாசித்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. இப்போது அதற்குச் சாட்சி சொன்னது, முற்றுகையிட்டவனின் அரண்மனைச் சுவரே.

பின்னர் லாகீஸ் மேட்டையும் அகழ்ந்தார்கள். 1973 முதல் தொல்லியலாளர் டேவிட் உசிஷ்கின் தலைமையில் நடந்த அகழாய்வில், மேட்டின் தென்மேற்கு மூலையில் அந்தச் சரிவுப்பாதை தெளிவாக வெளிப்பட்டது. மதிலுக்கு உள்பக்கம் யூதர்கள் அவசர அவசரமாகக் கொட்டிய எதிர்மேடும், இரும்பு அம்புமுனைகளும், கவண்கற்களும் கிடைத்தன. கி.மு. 701-இல் அங்கே நடந்ததைப் பற்றி இன்று யாருக்கும் சந்தேகமில்லை.

எருசலேமின் கதை இதைவிடச் சுவையானது. சனகெரிப்பின் ஆண்டுக்குறிப்புகள் ஆறு முகம் கொண்ட களிமண் பட்டகங்களில் எழுதப்பட்டவை. யூதாவில் அரணமைந்த 46 ஊர்களைப் பிடித்ததாகவும், 2,00,150 பேரைச் சிறைகொண்டதாகவும் அவன் பட்டியலிடுகிறான். யூதாவின் ராஜா எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமுக்குள் அடைத்துவிட்டதாகப் பெருமையும் பேசுகிறான். ஆனால் எருசலேமைப் பிடித்தேன் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. வென்ற ஊரையெல்லாம் எண்ணிக் கணக்கு வைத்த அரசன், தலைநகரத்தில் மட்டும் மௌனமாகிறான். நகரம் விழவில்லை என்றுதான் 2 இராஜாக்கள் புத்தகமும் சொல்கிறது.

எசேக்கியா சனகெரிப்புக்குக் கட்டிய கப்பக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் பொன் 30 தாலந்து. வெள்ளி மட்டும் பைபிளில் 300, அசீரியனிடம் 800. அளவை முறை வேறாக இருக்கலாம். வென்றவன் கூட்டி எழுதியும் இருக்கலாம். என்னைக் கவர்வது வேறொன்று. எசேக்கியா பைபிள் மெச்சும் ராஜா. அப்படிப்பட்டவன் லாகீசுக்கு ஆளனுப்பித் தான் செய்தது குற்றமென்று பணிந்ததையும், ஆலயக் கதவுகளில் பதித்திருந்த பொன்னைக் கழற்றிக் கொடுத்ததையும் அதே புத்தகம் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. தன் ராஜாவின் தலைகுனிவை எழுதத் துணிந்த ஏடு, பக்கத்துக்குப் பக்கம் வெற்றி மட்டுமே பாடும் ஏட்டைவிட நம்பத்தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை.

முற்றுகையைத் தாங்க எசேக்கியா தண்ணீரை நகருக்குள் கொண்டுவந்தான் என்றும் வேதாகமம் சொல்கிறது. கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம் வரை, பாறையைக் குடைந்து போகும் 533 மீட்டர் சுரங்கக் கால்வாய் இன்றும் இருக்கிறது. இரண்டு முனையிலிருந்தும் இரண்டு குழுக்கள் வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சந்திக்கும் இடத்தை நெருங்க நெருங்கத் தடம் தடுமாறுகிறது. வெட்டிவிட்டுக் கைவிட்ட குட்டை வழிகளும் திடீர்த் திருப்பங்களும் அங்கே உண்டு. சுவரிலுள்ள உளித்தடங்களும் அதற்குப் பிறகு எதிர்த்திசைக்கு மாறிவிடுகின்றன. 1880-இல் அங்கே ஒரு சிறுவன் கண்ட ஆறு வரி எபிரெயக் கல்வெட்டு, பாறைக்கு அப்பாலிருந்து சகதொழிலாளியின் குரல் கேட்டதையும், உளியும் உளியும் எதிர்ப்பட்ட தருணத்தையும் விவரிக்கிறது. ராஜாவின் பெயர் அதில் இல்லை. காலத்தைக் கணிக்க உதவியது சுரங்கப் பூச்சுக்குள் சிக்கியிருந்த செடித்துணுக்குகள். 2003-இல் வெளியான ஆய்வு கி.மு. 700-ஐ ஒட்டிய காலத்தைக் காட்டியது. இன்னும் முந்தையது என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள்.

அசீரியப் பாளயத்தில் ஒரே இரவில் 1,85,000 பேரைக் கர்த்தருடைய தூதன் கொன்றதாகப் பைபிள் சொல்லும் பகுதிக்கு எந்த அகழாய்வும் சாட்சி தரவில்லை. தூதனின் செயலை மண்வெட்டியால் தேடவும் முடியாது. நம்பிக்கை அங்கே வேறு காலில் நிற்கிறது. அதைத் தொல்லியலின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது.

சனகெரிப்பின் முடிவு அப்படிப்பட்டதல்ல, அதைச் சோதிக்க முடியும். அவனை அவன் பிள்ளைகளே கோவிலில் வெட்டிக் கொன்று அரராத் தேசத்துக்குத் தப்பியோடினார்கள் என்கிறது பைபிள். பாபிலோனிய நாளாகமம், கி.மு. 681-இல் மகன் ஒருவன் அவனைக் கொன்றதாகப் பதிவு செய்கிறது. அந்த மகன் யார் என்று அது சொல்லவில்லை. சேதமடைந்த ஓர் அசீரியக் கடிதத்தை மறுபடி வாசித்த பின்லாந்து அறிஞர் சீமோ பர்போலா, 1980-இல் பெயரைக் கண்டுபிடித்தார்: அர்தா-முல்லிசு. பைபிள் அத்ரமலேக் என்று பெயர் சொல்லி எழுதிவைத்தது இந்த மகனைத்தான் என்று இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள்.