வாக்காளர் பட்டியலும் பனியன் நகரமும்

ராஜாங்கத்தின் பணம் எவ்வூரில் எந்தக் காரியத்திற்கு முதலில் செலவாகிறது என்பதை ஆராய விரும்புவோர் வரவு செலவு அறிக்கையைப் புரட்டிப் பார்ப்பதே வழக்கம். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூரைப் பொறுத்தமட்டில், முதலில் புரட்ட வேண்டியது வாக்காளர் பட்டியலே என்பது என் அபிப்பிராயம்.

இவ்வட்டாரத்து விவசாயிகள் வாக்கின் வலிமையை நன்கு அறிந்தவர்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில், அண்டையிலுள்ள மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 அபேட்சகர்கள் நின்றார்கள். வெல்வதற்காக அல்ல, தம் குறைகளை டில்லிவரை கேட்கச் செய்வதற்காக, வேட்புமனுவையே விண்ணப்பமாக்கிய விவசாயிகளே அவர்களுள் மிகப் பெரும்பாலோர். வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாகப் பெருத்தது, தேர்தலே தள்ளிப்போயிற்று, மூவர் தவிர அனைவரும் டெபாசிட் இழந்தனர், சிலருக்குத் தம்முடைய வாக்குக்கூட விழவில்லை. சட்டமன்ற வேட்பாளரின் டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக அவ்வாண்டே உயர்ந்ததை நோக்குங்கால், செவி சாய்க்க வேண்டியவர்கள் குறையைக் கேட்டார்களோ இல்லையோ, கேட்ட முறையை மறக்கவில்லை என்பது தெளிவு.

குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் ஏற்றி நிரப்பும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டமும் அந்த வலிமைக்குச் சாட்சியே. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதியாகத் திரும்பத் திரும்ப வந்த அத்திட்டம், 2016 பிப்ரவரியில் அவிநாசியில் நடந்த உண்ணாவிரதத்திற்குப் பிறகே வேகம் கண்டது; 2019-இல் அ.தி.மு.க. அரசு அடிக்கல் நாட்ட, 2024 ஆகஸ்ட் 17-இல் தி.மு.க. அரசு அதைத் திறந்து வைத்தது. 1,916 கோடி ரூபாய், 1,045 குளம் குட்டைகள். தண்ணீர் இப்போது ஏற்றப்படுவது காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து. அத்திக்கடவு பெயரில் மட்டும் நிற்கிறது. எனினும் கட்சி மாறியும் திட்டம் கைவிடப்படாமைக்குக் காரணம், குளத்தங்கரையில் வாழ்வோரின் பெயர்கள் குளத்தங்கரைப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியிலேயே இருப்பதுதான்.

முதலாளிகளுக்கும் வழி அடைபட்டதில்லை. நொய்யல் ஆற்றைக் கெடுத்து, 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்திற்குப் பதில் சாயக்கழிவின் தேக்கமாக்கிய சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னபோது, அவ்வாண்டே பதவியேற்ற புதிய அரசு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கென 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அதை நான் குறை கூறவில்லை; கழிவுநீரை முற்றிலும் வெளிவிடாமல் மீட்டெடுக்கும் முறை இங்கு நிலைபெற அது உதவிற்று. கடன் கேட்கச் சங்கம் இருந்தது, கேட்டது, பெற்றது.

இனித் தொழிலாளியைப் பார்ப்போம். தேனியிலிருந்தோ நெல்லையிலிருந்தோ, பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர்; துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து டைலரானவர்; காலை எட்டரைக்கு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எழுபவர்; சனிக்கிழமைச் சம்பளத்தில் மளிகைக் கடைப் பாக்கியைத் தீர்ப்பவர். அவர் குடியிருக்கும் லைன் வீட்டில் பத்துக் குடும்பத்திற்கு ஒரு குழாய். வாடகைக்கு ரசீது கிடையாது. வேலை மாறினால் வீடும் மாறும். இத்தகையோர் பல லட்சம் பேர் வாழும் நகரில், நூறு படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரியில்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. அது திறக்கும்வரை பெரிய நோய் என்றால் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. அம்மருத்துவமனையும் பொக்கிஷம் ஈந்த தானமன்று, தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த சந்தாவும் சேர்ந்த நிதி.

இத்தனைக்கும் காரணம், தொழிலாளியின் பெயர் இவ்வூர் வாக்காளர் பட்டியலில் இல்லாமல் சொந்த ஊர்ப் பட்டியலில் இருப்பதே. அவர் இங்கேயே பெயரைப் பதிந்துகொள்ளத் தடை என்ன என்று ஆட்சேபிக்கலாம். சட்டத்தில் தடையில்லை, 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, ஒரு தொகுதியில் வீடு சொந்தமாயிருப்பது மட்டுமே ஒருவரை அங்கு வசிப்பவராக்காது என்றே கூறுகிறது. ஆனால் ரேஷன் கார்டும், குலதெய்வமும், பங்காளி வழக்கிலிருக்கும் அரை ஏக்கரும் ஊரில் இருக்க, ரசீதில்லாத வாடகை வீட்டை நம்பி ஊர் வாக்கை விடச் சொல்வது நியாயமாகாது. இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் பொறியொன்றைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளின் முன் வைத்தது. பல கட்சிகள் ஆட்சேபித்தன. அது அத்துடன் நின்றது. நின்றிராவிட்டாலும், அந்த வாக்கு ஊர்க் கணக்கில்தான் சேரும். திருப்பூரில் நிற்கும் வேட்பாளருக்கு லைன் வீட்டுக் குழாயைப் பற்றிக் கவலைப்படக் காரணம் பிறந்திராது. ஆகவே திருத்தம் தொடங்க வேண்டிய இடம் வாடகை ரசீதும், பனியன் கம்பெனி வாசலிலேயே பெயர் பதியும் முகாமுமே என்பது என் முடிவு.

தேர்தல் நாளன்று சம்பளத்துடன் கூடிய விடுமுறையை 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு வழங்குகிறது. அது ஒரு நாள். முந்தின இரவு பஸ் ஏறினால் தேனிக்காரர் வாக்களித்துவிட்டுத் திரும்பிவிடலாம். பாட்னாக்காரருக்கு அந்த ஒரு நாள் ரயில் பாதி வழி போவதற்கே சரியாக இருக்கும்.