அருப்புக்கோட்டை வட்டாரத்தில் மிஷன் சிற்றூர்ப் பள்ளிகள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரச் சிற்றூர்களில் அமெரிக்க மதுரை மிஷன் 19-ஆம் நூற்றாண்டில் தொடக்கப் பள்ளிகளை நடத்தியது. நிதி பாஸ்டனிலிருந்து வந்தது. மேற்பார்வை அமெரிக்க மிஷனரிகளுடையது. குழந்தைகளோடு அன்றாடம் இருந்தவர் தமிழ் ஆசிரியர். அவருடைய பள்ளி நடப்பதும் நிற்பதும் பெரும்பாலும் மழையைப் பொறுத்திருந்தது.

பின்னணி

பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு 1816-ல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கியது. அங்கிருந்து 1834-ல் மதுரைக்கு மிஷனரிகள் வந்தனர். அருப்புக்கோட்டைக்கும் கமுதிக்கும் இடைப்பட்ட மண்டபசாலை அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிஷனின் நிலையங்களுள் ஒன்றாயிற்று. ஹோரேஸ் டெய்லர் அங்கே நெடுங்காலம் பணியாற்றினார்.

இப்பகுதி கரிசலும் செம்மண்ணும் கலந்த மானாவாரி நிலம். பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். திருச்சுழி வழியாகச் செல்லும் குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி நீர் இருப்பதில்லை. கண்மாய் நிறைந்தால்தான் நெல்.

பள்ளியின் ஒருநாள்

சிற்றூர்ப் பள்ளி பெரும்பாலும் மண்சுவரும் கூரையும் கொண்ட ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை அதுவே ஜெபவீடு. சிறிய ஊர்களில் ஆசிரியரே உபதேசியாராகவும் இருந்தார். சிறு பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகினர். அடுத்த படியில் ஓலையும் எழுத்தாணியும். பிற்காலத்தில் சிலேட்டும் அச்சுப் புத்தகமும் வந்தன. மூத்த பிள்ளை சொல்ல மற்றவர்கள் சேர்ந்து சொல்லும் திண்ணைப் பள்ளி முறை இங்கும் தொடர்ந்தது. அரிச்சுவடி, எண்சுவடி ஆகியவற்றோடு வேதாகமக் கதைகள், வினாவிடை, ஞானப்பாட்டு ஆகியவையும் கற்பிக்கப்பட்டன.

ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை நிலையத்தில் கூடினர். சம்பளம் பெறுவது, பணியைப் பற்றி அறிக்கை தருவது, தாங்களும் பாடம் கற்பது எல்லாம் அந்தக் கூட்டத்தில் நடந்தன. மிஷனரி ஊர் ஊராகச் சென்று கூடாரமடித்துத் தங்கும்போது பிள்ளைகளைச் சோதித்தார். 1854-ல் வெளியான சார்லஸ் உட் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு மானியமும் கிடைத்தது. பின்னர் தேர்வு முடிவுகளுக்கேற்ப மானியம் தரும் முறை வந்தது. அதனால் வராத பிள்ளை பள்ளிக்குப் பண இழப்பும் ஆயிற்று.

வருகையும் பஞ்சமும்

பருத்தி எடுப்பு, களையெடுப்பு, அறுவடை நாட்களில் வகுப்பு காலியாகும். ஆடு மேய்ப்பதும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் பிள்ளைகளின் வேலை. கூலிக்குடும்பத்துக்குப் பிள்ளையின் உழைப்பும் தேவைப்பட்டது. மழை பொய்த்தால் குடும்பமே பிழைப்புத் தேடி ஊரைவிட்டுச் செல்லும். 1876-78 பெரும்பஞ்சத்தில் மதராஸ் மாகாணமெங்கும் சிற்றூர்கள் குலைந்தன. வீட்டில் அடுப்பு எரியாதபோது வகுப்பு நடத்த ஆசிரியர் ஒருவரால் மட்டும் இயலவில்லை.

சாதிச் சிக்கல்

சாதியை விட்டொழிப்பது திருச்சபை உறுப்பினருக்குக் கட்டாயம் என்று மிஷன் 1847-ல் வலியுறுத்தியது. இதனால் பசுமலை செமினரியின் மாணவர்களும் ஊழியர்களும் பலர் விலகினர். சிற்றூரில் இந்தச் சிக்கல் அன்றாடம் எழுந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை உள்ளே வந்து அமர்ந்தால் மற்றவர்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ளக்கூடும். பள்ளிப் பதிவேட்டில் பெயர்கள் குறைந்தாலும் அந்தப் பிள்ளையை உட்காரவைப்பதா என்பதை ஆசிரியர் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

தொடர்ச்சி

மேலே படிக்க நிலைய விடுதிப் பள்ளியும் பசுமலையும் இருந்தன. அங்கே பயின்றவர்கள் பலர் ஆசிரியர்களாகச் சிற்றூர்களுக்குத் திரும்பினர். வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளை மதுரைக்கு அனுப்பின. திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், பிற்காலத்து ரமண மகரிஷி, உள்ளூரில் தொடக்கக் கல்வி முடித்துப் பின்னர் மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். நாடார்கள் தங்கள் மகமை நிதியைக் கொண்டு சொந்தப் பள்ளிகளைத் தொடங்கினர். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை உருவாயிற்று.

அந்தப் பள்ளியில் படித்த காமராசர் முதலமைச்சரானபின், 1956-ல் மதிய உணவுத் திட்டம் தமிழகப் பள்ளிகளில் விரிவாக நடைமுறைக்கு வந்தது. மானாவாரி ஊர்களின் ஆசிரியர்கள் நூறாண்டாகக் கண்டுவந்த தடை பசி. அதற்கான மாற்று அரசின் திட்டமாகவே வந்தது.