பனி போட்ட எல்லைக்கோடு

கடலும் வயலும் பார்த்து வளர்ந்த நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு மலைக்காட்டைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். கவலை இருக்கிறது. நீலகிரியில் பிறக்கும் பவானி ஆறு, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. மலையில் பெய்யும் மழையை அங்குள்ள புல்லும் சோலையும் பிடித்து வைத்து மெதுவாக விடுகின்றன. அந்த மலையின் கதை கடைமடைக்காரர்களின் கதையும்தான்.

முதலில் கொஞ்சம் அறிவியல். மேலே போகப் போகக் குளிரும். 1000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். ஒரு உயரத்துக்கு மேல் மரமே வளராது. ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் 1802ல் தென் அமெரிக்காவின் சிம்போராசோ மலையில் ஏறியபோது, தாவரங்கள் உயரத்துக்கு ஏற்ப அடுக்கடுக்காக மாறுவதைக் கவனித்து வரைபடமாகவே போட்டார். வளரும் பருவத்தின் சராசரி வெப்பநிலை 6 டிகிரியை ஒட்டி இறங்கும் இடத்தில்தான் உலகெங்கும் காடு முடிகிறது என்று பிற்கால ஆய்வுகள் கண்டன. இமயமலையின் கிழக்குப் பகுதியில் இந்த எல்லை 4000 மீட்டர் அருகில் வருகிறது.

நம் தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர்தான். இந்தக் கணக்குப்படி அதன் உச்சி வரை காடு இருக்க வேண்டும். ஆனால் நீலகிரியின் மேட்டுநிலத்தில் பள்ளங்களில் மட்டும் சோலை, மேடெல்லாம் புல்வெளி. இரண்டுக்கும் நடுவில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு! ஏன்?

தோடர்கள் எருமை மேய்க்கத் தீ வைத்ததால்தான் காடு அழிந்து புல்வெளி வந்தது என்று ஒரு சாரார் சொன்னார்கள். 1938ல் சி.ஆர். ரங்கநாதன் என்ற வனத்துறை அதிகாரி வேறொரு காரணம் சொன்னார்: உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வானம் தெளிவாக இருக்கும்போது நிலத்தின் சூடு மேலே போய்விடுகிறது. பகலில் இதமாக இருந்த அதே புல்வெளி விடியற்காலையில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறது. அங்கே விழுந்து முளைத்த சோலைமரக் கன்று கருகிவிடும். புல்லுக்கு உயிர் மண்ணுக்கடியில் இருப்பதால் மறுபடி துளிர்க்கும். சோலைக்குள்ளோ கிளைகள் கூரை போல மூடிச் சூட்டைக் காக்கின்றன. ஆண்டுச் சராசரியை விட அந்தச் சில இரவுகளே கோட்டைப் போடுகின்றன.

தீக்கும் மேய்ச்சலுக்கும் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 1993ல் ஆர். சுகுமார் குழுவினர் நீலகிரியின் சதுப்பு மண் அடுக்குகளில் உள்ள கார்பனை ஆராய்ந்தபோது, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் செழித்திருந்தது தெரிந்தது. எருமை வளர்ப்பே உலகில் தொடங்காத காலம் அது!

இந்த விவரமெல்லாம் தெரிவதற்கு முன்பே ஆங்கிலேயர்கள் வந்துவிட்டார்கள். 1819ல் ஜான் சல்லிவன் மலையேறினார். பிறகு ஊட்டி வளர்ந்தது, விறகுக்குத் தட்டுப்பாடு வந்தது. புல்வெளி அவர்கள் கண்ணுக்கு வெறும் தரிசு. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் (வாட்டில்), 1843ல் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) கொண்டுவந்து வைத்தார்கள். இவை குளிர்ப் பிரதேசத்து மரங்கள். நம் சோலை மரத்தைத் தடுத்த பனியால் இவற்றைத் தடுக்க முடியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் அதையே இன்னும் பெரிதாகச் செய்தோம். தோல் பதனிடச் சீகைப் பட்டை, சிறுமுகை ரேயான் ஆலைக்குக் கற்பூர மரம் என்று மலை மலையாக நட்டோம். பழனி மலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதாக 2018ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கும், வரையாட்டுக்கும் அந்தப் புல்வெளிதான் வீடு.

இப்போது நடவு நின்றுவிட்டது, ஆனால் சீகை தானாகவே பரவுகிறது. புவி வெப்பமாவதால் பனி இரவுகள் குறைந்தால், 20,000 ஆண்டுப் பழைய வேலியும் தளர்ந்துவிடும். வனத்துறை சில இடங்களில் அந்நிய மரங்களை அகற்றிப் புல்லை மீட்கப் பார்க்கிறது. வெட்டிய பிறகும் மண்ணில் கிடக்கும் விதைகள் முளைத்துக்கொண்டே இருப்பதால் அது லேசான வேலை இல்லை.

வணிகவியல் படிக்கும் எனக்கு இதில் ஒரு கணக்குப் பிழை தெரிகிறது. மரத்துக்கு ஒரு விலை எழுதினார்கள், புல்லுக்குப் பூஜ்ஜியம் போட்டார்கள். அந்தப் புல் பிடித்து வைத்த தண்ணீர் எந்தப் பக்கத்திலும் வரவாகவில்லை. எங்கே காலி நிலம் கண்டாலும் மரம் நடுவோம் என்று கிளம்பும் நல்ல மனசுக்காரர்கள் ஒரு நிமிடம் நின்று, இங்கே மரம் ஏன் இல்லை என்று கேட்டுவிட்டுக் குழி தோண்டினால் நல்லது.