பிரேயர் வரிசையில் முதலில் நின்ற பையன்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிரேயர் வரிசையை உயரப்படி மாற்றி நிறுத்துவேன், நினைவிருக்கிறதா? தொண்ணூறுகளில் ஒரு பையன் ஆறாம் வகுப்பில் முதல் ஆளாக நின்றான். ஏழாம் வகுப்பிலும் அவன்தான் முதல். எட்டிலும் அவனேதான். அடிக்கடி எழுந்து, "டீச்சர், வெளியே போகணும்" என்பான். ஒருநாள், "பாடம் நடத்தும்போதுதான் உனக்கு வருமா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு அவன் கேட்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கு இருந்தது குரோன் நோய் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. போன வாரம் போனில் பேசினான். "எழுதுங்க டீச்சர், பேர் மட்டும் போடாதீங்க" என்றான். அதற்காகவே இந்த நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

குடல் அழற்சி நோய் முக்கியமாக இரண்டு வகை. பெருங்குடலில் புண் வருவது ஒன்று. 1859லேயே லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் இதைப் பற்றி எழுதினார். மற்றொன்று குரோன் நோய். 1932இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆங்கில அகரவரிசையில் முதலில் வந்ததால் குரோன் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. இது பெரும்பாலும் வாலிப வயதினருக்கு வரும் நோய் என்று அதில் எழுதியிருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் அந்தச் சித்திரத்தில் இல்லை.

ஆனால் இந்நோய் வருபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு 20 வயதுக்கு முன்பே அது தொடங்கிவிடுகிறது. ஸ்காட்லாந்தில் 1968 முதல் 1983 வரை கணக்கெடுத்தபோது, குழந்தைகளிடம் குரோன் நோய் மூன்று மடங்காகப் பெருகியிருந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருந்து 2007இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகளில் லட்சத்துக்குச் சுமார் 15 பேருக்கு ஆண்டுதோறும் புதிதாகக் குடல் அழற்சி நோய் வந்தது. மற்றப் பிள்ளைகளில் சுமார் 5 பேர்தான். வெளிநாட்டில் இருக்கும் நம் உறவுகள் இதைக் கவனியுங்கள். பரம்பரை மட்டும் காரணமில்லை, வாழும் சூழலும் சேர்ந்தே வேலை செய்கிறது என்கிறார்கள்.

பெரியவர்களிடம் வயிற்றுவலி, பேதி, ரத்தப்போக்கு என்று நோய் தன்னைக் காட்டிக்கொள்ளும். பிள்ளைகளிடம் சில சமயம் இவையெல்லாம் லேசாகவே இருக்கும். வளர்ச்சி மட்டும் நின்றுபோகும். அழற்சி வளர்ச்சி ஹார்மோனின் வேலையைத் தடுக்கிறது. சாப்பிட்டால் வலிக்கும் என்று பிள்ளையும் சாப்பாட்டைக் குறைத்துவிடும். பருவமடைவதும் தள்ளிப்போகும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல். குடல் காசநோயும் இதே இடத்தில், இதே மாதிரி வரும். என் மாணவனும் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, சதைப் பரிசோதனை செய்து கண்டுபிடித்தார்கள்.

ஸ்டீராய்டு மருந்து அழற்சியை அடக்கும், ஆனால் வளர்ச்சியையும் தடுக்கும். அதனால் குரோன் நோயுள்ள பிள்ளைகளுக்கு இப்போது முதலில் 6 முதல் 8 வாரம் சோறு, பலகாரம் எதுவும் இல்லாமல் சத்துத் திரவ உணவு மட்டுமே கொடுத்துப் பார்க்கிறார்கள். பலருக்கு அதிலேயே அழற்சி அடங்கிவிடுகிறது. நோய் முழுதாகப் போகாவிட்டாலும், பருவ வயது கடப்பதற்குள் கண்டுபிடித்தால் இழந்த உயரத்தை ஓரளவு மீட்கலாம். அந்த வயது போனால் போனதுதான்.

என் மாணவன் இன்றும் குள்ளம்தான். அவன் வளராததை மூன்று வருடம் தினமும் காலையில் கண்ணெதிரே பார்த்தவள் நான். வரிசையை ஒழுங்கு செய்தேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். ஒரு பிள்ளை வருடக்கணக்கில் வரிசையின் முதலிலேயே நின்றால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். வெளியே போகணும் என்று கேட்டால் உடனே அனுப்புங்கள்.

தம்பி, அன்று கேட்டதற்கு என்னை மன்னித்துவிடு.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்