எதிர் ஃபெர்ரோ காந்தப் பொருள்கள்

அடுத்தடுத்த அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் எதிரெதிராக அமைந்து ஒன்றையொன்று நீக்கிவிடுவதால், வெளியே காந்தத்தன்மை காட்டாத பொருள்கள் எதிர் ஃபெர்ரோ காந்தப் பொருள்கள் என அழைக்கப்படுகின்றன. மாங்கனீசு ஆக்சைடு, நிக்கல் ஆக்சைடு, குரோமியம் ஆகியவை இவ்வகையின.

இவற்றை விளக்கும் கொள்கையின் தந்தை பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல். படிகத்துக்குள் எதிர்த்திசையில் காந்தமேறிய இரு அணிக்கோவைகள் பின்னிக்கிடக்கின்றன என்று 1930களில் அவர் கருதினார். சோவியத் அறிஞர் லேவ் லாண்டாவும் 1933இல் இதையொத்த கருத்தை வெளியிட்டார். ஆயினும் இந்த ஒழுங்கு குலையும் வெப்பநிலை நீல் வெப்பநிலை என்றே வழங்குகிறது. மாங்கனீசு ஆக்சைடுக்கு அது சுமார் 118 கெல்வின்.

கொள்கைக்கு நேரடிச் சான்று 1949இல்தான் கிடைத்தது. அணுக்களின் இருப்பிடத்தைக் காட்டும் எக்ஸ் கதிர்களால் அவற்றின் காந்தத் திசையை எளிதில் காட்ட முடிவதில்லை. நியூட்ரானோ தானே ஒரு நுண்காந்தம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு உலையிலிருந்து வந்த நியூட்ரான்களை மாங்கனீசு ஆக்சைடுத் தூளின் மீது கிளிஃபர்டு ஷல்லும் சாமுவேல் ஸ்மார்ட்டும் செலுத்தினர். அறை வெப்பநிலையில் காணப்படாத முகடுகள் 80 கெல்வினில் விளிம்பு விளைவு வரைபடத்தில் எழுந்தன. காந்த அலகுக்கூட்டின் பக்கம், வேதியியல் அலகுக்கூட்டின் பக்கத்தைப்போல இருமடங்கு என்பதே, அதாவது திருப்புத்திறன்கள் மாறிமாறி எதிரெதிராக அமைகின்றன என்பதே, அவற்றின் பொருள். ஷல்லுக்கு நோபல் பரிசு வர 1994 ஆயிற்று.

நீல் அதை 1970இலேயே பெற்றுவிட்டார். இப்பொருள்கள் கோட்பாட்டளவில் சுவையானவை, பயன்பாடு எதுவும் தென்படவில்லை என்று தம் நோபல் உரையில் அவர் குறிப்பிட்டது வியப்புக்குரியது. ஏனெனில் கோபால்ட் ஆக்சைடு பூசிய கோபால்ட் துகள்களின் காந்தத் தயக்கக் கண்ணி ஒருபுறம் நகர்ந்துவிடுவதை மெய்க்லஜான், பீன் என்ற ஆய்வாளர்கள் 1956லேயே கண்டிருந்தனர். எதிர் ஃபெர்ரோ காந்தப் படலம், தன்னை ஒட்டிய ஃபெர்ரோ காந்தப் படலத்தின் திசையை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதே இதன் சாரம்.

எலக்ட்ரானின் மின்னூட்டத்தோடு தற்சுழற்சியையும் பயன்படுத்தும் ஸ்பின்ட்ரானிக்ஸ் துறை இந்தப் பிடிப்பைப் பயன்படுத்திக்கொண்டது. 1990களின் இறுதியில் வன்தட்டுப் படிமுனைகளில் இடம்பெற்ற தற்சுழற்சி வால்வில் ஒரு காந்தப் படலத்தின் திசை இந்தப் பிடிப்பால் மாறாமல் நிற்கும். மற்றது தட்டிலுள்ள பதிவுக்கேற்பத் திரும்பும். இரண்டுக்குமிடையே மாறும் மின்தடையே தகவலாகப் படிக்கப்படுகிறது.

எதிர் ஃபெர்ரோ காந்தப் பொருளான தாமிர மாங்கனீசு ஆர்சனைடில் மின்னோட்டத்தைக் கொண்டே காந்த ஒழுங்கைத் திருப்பலாம் என 2016இல் காட்டப்பட்டது. நிகரக் காந்தத்தன்மை இல்லாமலே எலக்ட்ரான்களைத் தற்சுழற்சிவாரியாகப் பிரிக்கும் ஆல்ட்டர் காந்தங்கள் 2022இல் தனி வகையாக முன்வைக்கப்பட்டன. மாங்கனீசு டெல்லூரைடில் அவற்றுக்கான சோதனைச் சான்று 2024இல் வெளியானது.