உறங்க வைக்கப்பட்ட உழவு இயந்திரங்கள்

கனடாவின் வட ஒன்ராறியோவில் வாழும் நண்பர் ஒருவர், பனி உருகத் தொடங்கியதும் தமது பனிவண்டியை உறங்க வைப்பார். எரிபொருள் கெடாதிருக்க மருந்து கலப்பது, எஞ்சினுக்குள் எண்ணெய் தெளிப்பது, எலி புகாதவாறு புகைக்குழாயை அடைப்பது, ஓடுபட்டியை நிலத்திலிருந்து உயர்த்தி வைப்பது என்று ஒரு பகற்பொழுது அதிலேயே கழியும். டிசம்பர் வரை அந்த வண்டிக்கு வேலை கிடையாது. 'இவற்றையெல்லாம் கனடாவிலா கற்றீர்கள்?' என்று தொலைபேசியில் கேட்டேன். 'இல்லை, வட்டக்கச்சியில் ஐயாவின் லான்ட்மாஸ்டரில் கற்றது' என்றார்.

வன்னி நெல் வேளாண்மையை அறிந்தவர்களுக்கு இந்தப் பதில் வியப்பளிக்காது. கிளிநொச்சியின் வயல்களுக்கு உயிர்நாடி இரணைமடுக் குளம். 1902-இல் தொடங்கிய அதன் கட்டுமானம் 1920-இல் நிறைவுற்றது. வடகீழ்ப் பருவமழையை நம்பிய காலபோகத்தில் எல்லோரும் விதைப்பார்கள். சிறுபோகமோ குளத்து நீரின் அளவைப் பொறுத்தது. நீர் குறைந்த ஆண்டில் காணியின் ஒரு பகுதிக்கே அனுமதி கிடைக்கும். அறுவடை முடிந்த மாசி, பங்குனியிலிருந்து ஆவணிப் புழுதி உழவு வரை இயந்திரம் பெரும்பாலும் கொட்டிலில்தான் நிற்கும்.

லான்ட்மாஸ்டர் என்பது இங்கிலாந்தின் நொட்டிங்காம் பகுதியில் இயங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர். இரு சில்லு உழவு இயந்திரத்தை 1950களில் வடிவமைத்தவர்களுள் முக்கியமானவர், கேம்பிரிட்ஜில் கற்ற இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. அவ்வடிவத்தையே அந்நிறுவனம் தயாரித்து விற்றது. பின்னர் யப்பானியக் கியூபோட்டாவும் அதற்குப் பின் சீன இயந்திரங்களும் வந்தன. எங்கள் மக்கள் அனைத்தையும் லான்ட்மாஸ்டர் என்றே அழைத்தனர். நண்பரின் தந்தையாரிடம் இருந்ததும் உண்மையில் ஒரு கியூபோட்டாதான். ஹார்வர்டில் உரையாற்றியபோது, தாம் இயந்திரமயமாக்கியது வேளாண்மையையா அல்லது எருமையையா என்று எழுந்த ஒரு கேள்வி தமது சிந்தனையையே மாற்றிவிட்டதாக விஜேவர்தன பிற்காலத்தில் சொல்லிவந்தார். நைஜீரியாவின் இபாடானில் உழாமலே பயிரிடும் முறைகளை ஆராய்ந்த அவர் 2010-இல் காலமானார். எருமை சாணம் தரும், கன்று ஈனும், புல்லைத் தின்று வேலை செய்யும். இயந்திரத்துக்கு எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்பதன் பொருள் 1990-க்குப் பின்னரே எங்களுக்கு முழுமையாக விளங்கிற்று.

அதற்கு முந்திய காலத்தில் உறங்க வைக்கும் முறை எளிமையானது. இரும்புச் சில்லுகளில் காய்ந்த சேற்றைக் கழுவி, கழிவு எண்ணெய் பூசுவார்கள். எஞ்சினையும் பற்சக்கரப் பெட்டியையும் இணைக்கும் பெல்ற்றைத் தளர்த்திவிடுவார்கள். இழுபட்டபடியே மாதக்கணக்கில் நின்றால் பெல்ற்றின் வடிவம் கெட்டுவிடும். ரயர்கள் நிலத்தில் படாதவாறு இயந்திரத்தை மரக்குற்றிகளில் ஏற்றுவார்கள். புகைக்குழாயின் வாயை ஒரு பால்பேணியால் மூடுவார்கள். மூடாவிட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும். தாங்கியில் டீசலை விளிம்புவரை நிரப்புவார்கள். வெற்றிடம் இருந்தால் ஈரக்காற்று புகுந்து, நீராகி, தாங்கியைத் துருப்பிடிக்கச் செய்யும்.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபின் வந்த பொருளாதாரத் தடை இந்தக் கடைசி விதியைத்தான் முதலில் உடைத்தது. பெற்றோல், டீசல், உரம், சீமெந்து, மின்கலங்கள் யாவும் தடைப்பட்டியலில் அடங்கின. நிரப்புவதற்கு டீசல் எங்கே? எஞ்சியிருந்ததையும் வடித்துப் போத்தல்களில் ஒளித்து வைத்தார்கள். வெறுமையான தாங்கியின் உட்புறத்தைக் கழிவு எண்ணெயால் நனைத்து வைத்தார்கள்.

ஓடிய இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. டீசல் எஞ்சின் மண்ணெண்ணெயை ஏற்கும். ஆனால் டீசலில் உள்ள வழுவழுப்பு அதில் இல்லாமையால் எரிபொருள் பம்பு விரைவில் தேயும். அதற்காகச் சிறிது எண்ணெய் கலந்து ஊற்றுவதைக் கண்டிருக்கிறேன். பெற்றோல் எஞ்சின்களில் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இதைப் போர்க்காலக் கண்டுபிடிப்பு என்று பலரும் பெருமையாக எழுதுவதுண்டு. இங்கிலாந்தின் பழைய பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை இந்த முறையிலேயே வடிவமைக்கப்பட்டிருந்தது. பெற்றோலில் தொடங்கி மலிவான மண்ணெண்ணெய் வகைக்கு மாறும் அதனை, நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றவேண்டும். இல்லையேல் மறுநாள் இயங்காது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்வதால் அடிக்கடி எண்ணெய் மாற்றவும் வேண்டும். ஆங்கில விவசாயிக்கு அது செலவு மிச்சம். வன்னி விவசாயிக்கு வேறு வழி இல்லை, மாற்ற எண்ணெயும் இல்லை.

தடை 2002-இன் தொடக்கத்தில் தளர்ந்தது. இதற்கிடையில் 1996-இல் படையினர் கிளிநொச்சியைக் கைப்பற்றியபோது மக்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கங்களுக்கு இடம்பெயர்ந்தனர். அப்போதுதான் உழவு இயந்திரம் முழுமையாக வேறொன்றாக மாறிற்று. கூரைத்தகடு, கதவுநிலை, நெல்மூட்டை, நடக்க முடியாத முதியவர் எல்லாம் அதன் பெட்டியில் ஏறினர். உழவுக்கென வைத்திருந்த எரிபொருளை ஓட்டத்துக்கெனச் சேமிக்கும் பழக்கமும் அப்போதே வந்தது.

2008-இன் இறுதிப் பெயர்வில் எதையும் முறைப்படி நிறுத்திவைக்க அவகாசம் இருக்கவில்லை. அந்த நவம்பரில் நிஷா புயலின் வெள்ளம். 2009 ஜனவரி 2-இல் கிளிநொச்சி வீழ்ந்தது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என நகர்ந்த இயந்திரங்களில் பல முள்ளிவாய்க்காலில் நின்றன. ஒரு புறம் நந்திக்கடல், மறு புறம் பெருங்கடல். உப்புக்காற்றில் மூடியற்ற புகைக்குழாயுடன் நிற்கும் எஞ்சினுக்கு ஒரு மாரியே போதும். மக்கள் மெனிக்பாம் முகாமில் அடைபட்டிருந்த காலத்தில் அவை அங்கேயே கிடந்தன. போருக்குப் பின் இந்தியா வடமாகாண விவசாயிகளுக்கு 500 உழவு இயந்திரங்களை வழங்கியது. உதவிதான். ஆனால் இழந்தவற்றுக்கு அது ஈடாகுமா என்று எந்த விவசாயியைக் கேட்டாலும் சிரிப்பார்.

நண்பரின் தந்தையார் இயந்திரத்தைக் கைவிட்ட இடத்தில், எஞ்சினைச் சுழற்றி இயக்கும் கைப்பிடியைக் கழற்றித் தம் துணிப்பையில் போட்டுக்கொண்டார். யாரும் இயக்கிக்கொண்டு போய்விடக்கூடாது என்பதற்காக. வட்டுவாகலைக் கடந்ததும், முகாமில் கிடந்ததும் அந்தக் கைப்பிடியுடன்தான். மீள்குடியேறியபின் மூத்த மகன் இரண்டு தடவை தேடிப்போனார். இயந்திரம் கிடைக்கவில்லை. பின்னர் சீனத்து இயந்திரம் ஒன்றைக் கடனுக்கு வாங்கினார்கள்.

பழைய கைப்பிடி அதற்குப் பொருந்தவில்லை. காலபோக அறுவடை முடிந்ததும் பெல்ற்றைத் தளர்த்தும்போது, அந்தக் கைப்பிடிக்கும் துரு ஏறாமல் கழிவு எண்ணெய் பூசி வைப்பதாக நண்பர் சொன்னார்.