வேதாளம் இறங்கிய கதை

‘வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறியது’ என்னும் தொடர் தமிழகத்தில் பழமொழியாகவே நிலைத்துவிட்டது. ஏறிய வேதாளம் இறுதியில் எவ்வாறு இறங்கிற்று என்பதை அறிந்தவரோ சிலரே. பல தலைமுறைச் சிறுவர்கள் விரும்பிப் படித்த அக்கதைத்தொடருக்கு நிறைவான முடிவு ஒன்று உண்டு. அம்முடிவு தமிழில் பேணப்பட்ட வரலாற்றில் வடசென்னைக்கும் பங்குண்டு.

காசுமீரத்துப் புலவர் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் இவ்வேதாளக் கதைகள் இடம்பெற்றுள்ளன. அவர் திரிவிக்கிரமசேனன் எனக் குறிக்கும் அரசனைத் தமிழுலகம் விக்கிரமாதித்தன் என்றே போற்றியது. இராயபுரத்தை அடுத்த கொண்டித்தோப்பில் இயங்கிய இரத்தின நாயகர் பதிப்பகம் ‘பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை’யை எளிய மக்களிடம் கொண்டு சேர்த்தது. அண்மையில் எழுத்தறிந்தோரும் கண்பார்வை மங்கியோரும் படிக்கத்தக்கதாகவும், ஒருவர் படிக்கப் பலர் கேட்கத்தக்கதாகவும் அமைந்தது அப்பேரெழுத்து அச்சு. 32 பதுமைகள் போசராசனுக்குக் கூறும் கதைகளோடு வேதாளக் கதைகளும் முடிவு குன்றாமல் அதில் இருந்தன.

1947 சூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இக்கதைகளைச் சிறுவர்க்கு உரியவை ஆக்கியது. உருவிய வாளும் தோளில் பிணமுமாய் நடக்கும் அரசனின் ஓவியத்தைத் தீட்டியவர் சங்கர். அவர் வடசென்னையின் முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர். 2020இல் மறைந்த அவருக்கு மறு ஆண்டு பத்மசிறீ விருது அறிவிக்கப்பெற்றது. மூலக் கதைகள் தீர்ந்த பின்னரும் அதே சட்டகத்தில் புதுக் கதைகள் புனையப்பட்டன. திங்கள்தோறும் அரசன் விடை கூறினான். வேதாளம் மரம் ஏறியது. 2010களின் தொடக்கத்தில் அவ்விதழின் அச்சு நின்றபோதும் அரசன் சுடுகாட்டு வழியிலேயே நின்றான்.

மூலத்தில் அவன் பயணம் முடிகிறது. விடை தெரிந்தும் பேசாதிருந்தால் தலை வெடிக்கும். பேசினால் வேதாளம் நீங்கும். ஆகவே அறிவே அவனுக்குத் தளையாகிறது. 23 வினாக்களுக்கு விடையிறுத்த அவன் 24ஆம் வினாவில் தடுமாறுகிறான். தந்தையும் மகனும் இரு பெண்களின் அடிச்சுவடுகளைக் காண்கின்றனர். பெரிய அடியாளைத் தந்தையும் சிறிய அடியாளை மகனும் மணப்பதென உறுதி கொள்கின்றனர். பெரிய அடியாள் மகளாகவும் சிறிய அடியாள் அவள் தாயாகவும் இருந்துவிட, தந்தை மகளையும் மகன் தாயையும் மணக்கின்றனர். அவர்தம் பிள்ளைகளுக்குள் என்ன உறவு என்பதே வினா. அரசனுக்கு விடை தெரியவில்லை; வாய் திறவாமல் நடக்கிறான். அவன் உறுதியில் மகிழ்ந்த வேதாளம், பிணத்தைக் கொணரச் சொன்ன துறவி அவனையே பலியிடக் காத்திருப்பதை உணர்த்துகிறது. “வணங்கும் முறையை நீயே காட்டுக” எனத் துறவியிடம் கேட்குமாறும் அறிவுறுத்துகிறது. துறவி தாழ்ந்து வணங்க, அவன் தலை துணிக்கப்படுகிறது.

கிரேக்கப் புராணத்தை அடியொற்றி ரிக் ரியோர்டன் இளையோர்க்கு எழுதிய பெர்சி ஜாக்சன் கதைகளின் முதல் வரிசை, 2005இல் தொடங்கி 2009இல் ஐந்தாம் நூலில் பெரும்போருடன் நிறைவெய்தியது. வேதாளக் கதையிலும் இறுதியில் வாள் வீசப்படுகிறது. எனினும் வெற்றி அதற்கு முன்பே, விடையறியா மௌனத்தில் விளைந்துவிடுகிறது. பகையெனத் தோன்றிய வேதாளம் துணையாகிறது. அலைக்கழிப்பென நினைத்தவை பயிற்சியாகின்றன. முன்னிகழ்ந்த ஒவ்வொரு தோல்விக்கும் பொருள் தருவதாலேயே இம்முடிவு மனநிறைவு அளிக்கிறது. முடிவில்லாத் தொடர் வினாக்களின் சுவையை ஊட்டியது. அறியாமையை ஒப்புவதன் மாண்பை ஊட்ட இம்முடிவே வேண்டும்.

வேதாளம் வரம் தர முன்வந்தபோது அரசன் நாட்டையோ பொன்னையோ வேண்டவில்லை. 24 கதைகளும், இருபத்தைந்தாவதாகிய இம்முடிவும் உலகில் புகழுடன் நிலைக்க வேண்டும் என்றே கேட்டான். அவ்வரத்தில் 24 கதைகளின் பங்கைத் தமிழகம் குறைவறக் காத்தது. இருபத்தைந்தாவதையும் சிறுவர் செவியில் சேர்ப்பது இன்று கதைசொல்வோர் கடன்.